அனுப்பாத அறிமுகம்

எங்கள் பகுத்தறிவு இணையக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் தங்கள் ஊர், வேலை, கைவிட்ட மூடநம்பிக்கை மூன்றையும் எழுதி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குள் எழுதாதவர்களை அட்மினான நான் நீக்கிவிடுவேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்த அறிமுகத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, நெற்றி நிறைய விபூதி, மடியில் நாலு முனையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம். 'ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று செல்போனில் ஒற்றை விரலால் எழுதுவார், அழிப்பார், திரும்ப எழுதுவார்.

பொறுக்க முடியாமல், "அனுப்பிடலாமே சார்?" என்றேன். நான் யாரென்று சொல்லவில்லை.

"எப்படிங்க அனுப்புறது? பொண்ணு ஜாதகத்துக்குப் பொருத்தம் பாக்கத்தான் போயிட்டிருக்கேன். ஏற்கெனவே வந்த எடமெல்லாம் தட்டிப்போச்சு. எவனாவது இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாப்பிள்ள வூட்டுக்கு அனுப்பிட்டா, இதுவும் போச்சு."

"அப்புறம் ஏன் சேந்தீங்க?"

"ஒரு எடத்துலயாவது உண்மைய சொல்லலாம்னு பாத்தேன். உள்ள போனா அங்கயும் நம்ம ஊர்க்காரங்கதான் இருக்காங்க." மறுபடி அழித்தார். "அந்த அட்மினே புனைபேர்லதான் இருக்காருங்க. பாவம், அவருக்கும் பொண்ணு இருக்கும்போல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரையில் பார்த்த அவர் பெயர் இன்னும் குழுவில் இருக்கிறது. வாரங்கள் போய்விட்டன. அறிமுகம் வரவில்லை. நான் நீக்கவுமில்லை. எனக்கு இரண்டு பெண்கள்.