படங்குக்குள் மூச்சு

கதவு மூடியதும் சுகந்தினிக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. ஓப்பநாயக்கவில் ஏறிய பஸ்ஸின் இரைச்சல், தெஹிவளை வீதியின் ஹோர்ன் சத்தம், மாடிப்படி முழுக்கத் தோழி றிப்னா சளசளத்துக்கொண்டு வந்தது, எல்லாம் ஒரே வெட்டில் நின்றுவிட்டன. சுவரெங்கும் கறுப்புப் பஞ்சு. எதிரே மைக், அதற்கப்பால் ஒரு டிவி. பக்கத்தில் பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படியொரு அமைதி பழக்கமில்லை. அங்கே பக்கத்துக் காம்பராவில் தீக்குச்சி உரசினாலும் இந்தப் பக்கம் கேட்கும்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில்தான் அவளுக்கு வேலை. அழுகிற பிள்ளையை அடக்க அவள் வாயில் நரி பேசும், குரங்கு பேசும், தோட்டத்துத் துரை மூக்கால் பேசுவார். டவுனுக்கு ஃபோனில் காசு ஏற்ற, ரீலோட் போடப் போனால் அங்கேயும் இதே கூத்துதான். ஃபோன் கடையில் வேலை பார்க்கும் றிப்னா அதைத் திருட்டுத்தனமாகப் பதிந்து, தமிழ் டப்பிங்குக்குப் புதுக் குரல் தேவை என்று பேஸ்புக்கில் கிடந்த நம்பருக்கு அனுப்பிவிட்டாள். கொழும்பிலிருந்து பதில் வந்தது. வெளிநாட்டுத் தொடர் ஒன்று, அதில் அக்கா, தங்கச்சி என்று இரண்டு பேர். அக்காவுக்குக் குரல் கொடுக்க டெஸ்ட்டுக்கு வரச் சொன்னார்கள்.

அந்தச் சேதி வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"போய்ட்டு வா புள்ள" என்றாள் அம்மா இருளாயி. "கெடைக்காட்டி மட்டும் வந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காராத. எனக்கு அதப் பாக்க ஏலாது."

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது சுகந்தினிக்குத் தெரியும். ஒன்றும் ஆகாது. இன்னொரு தடவை யாரும் கூப்பிடமாட்டார்கள், நரி பிள்ளைக் காம்பராவிலேயே பேசிக்கொண்டிருக்கும். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சத்தம் கேக்குதா தங்கச்சி?" காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் அமல்ராஜின் குரல். டப்பிங்கை நடத்துபவர் அவர்தான்.

"கேக்குதுங்க சேர்."

முதல் காட்சி, புருஷனோடு சண்டை. லயத்தில் தினமும் கேட்பதுதான், வெட்டிப் பேசிவிட்டாள். இரண்டாவதில் சிரிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அமல்ராஜ் தலையாட்டினார். ஓரமாக நிற்க அனுமதி வாங்கியிருந்த றிப்னா இரண்டு பெருவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

மூன்றாவது காட்சியில் இருட்டு வீடு. அக்காவும் தங்கச்சியும் தனியே இருக்கிறார்கள். கதவை உடைத்துக்கொண்டு யாரோ ஒருவன் உள்ளே வருகிறான். நிழலைப் பார்த்த அக்கா வாயை அகலத் திறந்து அலறுகிறாள், பிறகு தங்கச்சியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள்.

"வயித்துல இருந்து கத்தணும். சரியா?"

சுகந்தினி வாயைத் திறந்தாள். "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது.

"என்னம்மா, எறும்பு கடிச்சிச்சா? திரும்ப."

இரண்டாம் முறை அதுவும் வரவில்லை.   இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சுமன், ஒலிப்பதிவு செய்யும் சிங்களப் பையன், பாவப்பட்டு மைக்கில் சொன்னான்: "நங்கி, பய வெண்ட எப்பா."

"டேய் சுமன், பயப்படத்தானே ஆளக் கூப்பிட்டிருக்கோம்! நீ பயப்படாதன்னு சொன்னா எப்படி?"

அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது.

அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். சிக்கலே அதுதான். அவர்கள் மலையில் பயம் வந்தால் யாரும் அலறமாட்டார்கள். கொழுந்து மலையில் பெரிய பயம் குளவி. கூடு கலைந்தால் முதலில் பார்ப்பவள் தணிந்த குரலில் "படு" என்பாள், அவ்வளவுதான். எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு, மழைக்கும் முள்ளுக்குமாக இடுப்பில் கட்டியிருக்கும் தடித்த படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு இடையில் குப்புறப் படுத்துவிடுவார்கள். ஓடக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் போகிற வயதில், அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன ஒரு நாள், அவளும் அப்படிப் படுத்திருக்கிறாள். அம்மாவின் படங்குக்குள், பிடரியில் அம்மாவின் கை அழுத்தியிருக்க. மேலே கனத்த ரீங்காரம். கொஞ்சம் தள்ளி யாரோ அலறிக்கொண்டு ஓடினார்கள். பிறகு அந்த அலறல் நின்றுபோனது. யார் என்று சுகந்தினி கேட்கவில்லை. அன்றிலிருந்து பயம் என்றால் அவள் தொண்டை தானாக மூடிக்கொள்ளும்.

"இது கடைசி தங்கச்சி" என்றார் அமல்ராஜ். "வெளிய இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. சுமன், உள்ள லைட்ட ஓஃப் பண்ணு. இருட்டுலயாச்சும் வருதா பாப்போம்."

வெளிச்சம் போனது. டிவியில் கதவு அதிர்ந்தது. அலறலுக்கு முன்னால் பயங்காட்டுவதற்காக ஒரு தடித்த இசையைப் போட்டிருந்தார்கள். ஒரே சுருதி, ம்ம்ம் என்று காதுக்குள் ஏறி, வளர்ந்து, பிடரிக்கு வந்தது.

டிவி மறந்துபோனது. முழங்கால் தானாக மடங்கியது. துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவள் தரையோடு தரையாகப் படுத்தாள். பக்கத்தில் யாரோ சின்னப் பிள்ளை கிடப்பதுபோல, பல்லுக்கு இடையால் வார்த்தை வந்தது.

"படு... படுடி. தலையத் தூக்காத. மூச்சு விடாத. போயிரும்... போயிரும்டி..."

பிறகு மூச்சை அடக்கினாள். அடக்க முடியாமல் அது நூலாகக் கசிந்தது.

வெளிச்சம் வந்தபோது அவள் கன்னம் தரையில் இருந்தது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். கதவைத் திறந்துகொண்டு அமல்ராஜே உள்ளே வந்தார்.

"யார்கிட்டம்மா பேசுன? எழுத்துல அது இல்லியே."

"மன்னிச்சிருங்க சேர். கொளவி வந்தா நாங்க அப்படித்தாங்க."

அவருக்குப் புரியவில்லை. பின்னால் வந்த சுமனுக்குப் புரிந்தது. "தெபரு, சேர்" என்றான். அவனுடைய ஊர் கேகாலைப் பக்கம், அங்கேயும் குளவி உண்டு. "நங்கி கீழ போனதும் நான் மைக் சத்தத்த கூட்டிட்டன். எல்லாம் வந்திருக்கு."

அமல்ராஜ் அவளையே பார்த்தார். "படத்துல அவ வாய இவ்வளவு அகலமாத் தொறக்கிறா. அதுக்குள்ள ஒரு அலறல் போட்டே ஆகணும். ஒன்னால ஏலுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "ஏலாதுங்க சேர்."

"சரி. போய்ட்டு வா. சொல்றோம்."

பஸ்ஸில் இரத்தினபுரி தாண்டும்வரை றிப்னா விடவில்லை. "கத்தேலாதா ஒனக்கு? ரீலோட் விழல்லண்டா என்ட கடையில எப்பிடிக் கத்துற! அத அங்க கத்தீந்தா போதுமே!"

சுகந்தினி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள்.

சில நாள் கழித்து, பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. பாயில் கிடந்த ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. ஒரு பிள்ளை புரண்டு படுத்ததும்தான் எடுத்தாள்.

"அலறலுக்குப் பழைய பதிவு ஒண்ணு கெடந்திச்சி, அதப் போட்டுக்கலாம்" என்றார் அமல்ராஜ். "மத்ததெல்லாம் நீதான். கட்டிலுக்கடியில நீ சொன்னதையே எழுதியும் வச்சாச்சு. வார கிழமை வந்துரு."

"சரிங்க சேர்" என்றாள்.  அந்தக் கறுப்பு அறைக்கு இனி வாரத்துக்கு வாரம் போக வேண்டும்.

தொடர் ஒளிபரப்பான மாலை, இருளாயியின் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்துக் கறை படிந்த விரலோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கதவு உடைந்தது. அக்கா வாயைத் திறந்து அலறினாள். காம்பரா கைதட்டியது.

"ஏ இருளாயி, ஒம் மக என்னமாக் கத்துறா! தொர பங்களா வரைக்கும் கேட்டிருக்கும்டி!"

அது நான் இல்லை என்று சொல்ல சுகந்தினி வாயெடுத்தாள். அதற்குள் அந்தத் தடித்த இசை ரீங்காரமாக மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருட்டு.

"படு... படுடி. தலையத் தூக்காத."

தட்டிய கைகள் பாதியில் நின்றன. ஒருத்தியும் அசையவில்லை. மடியில் இருந்த பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். இருளாயி டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் கை மட்டும் பக்கவாட்டில் வந்து, மகளின் பிடரியைத் தேடிப் பிடித்து, கீழே அழுத்தியது.

சுகந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.