சீட்டு நனைக்கும் மோகன்குமார்

பந்தியில் இலை விழுந்ததும் ஊரே தண்ணீர் தெளித்துத் துடைக்கும். மோகன்குமார் மட்டும் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான். பிறகு சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் காகிதச் சீட்டு ஒன்றை எடுத்து நனைப்பான். அது நிறம் மாறும்வரை பாயசம் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். பக்கத்து இலையிலிருந்து அவன் மனைவி சசிரேகா, "இவுரு ரிசல்ட்டு சொல்றதுக்குள்ள சோறு ஆறிப்பூடும்" என்பாள்.

என் அக்கா மகன்தான். எம்.எஸ்ஸி. ஒரகடம் பக்கம் பெயின்ட் கம்பெனியில் கெமிஸ்ட். நாள் முழுக்கச் சாயம் கலக்குகிற மகராசன், சாயங்காலம் வாசலிலேயே சட்டையைக் கழற்றித் தனி வாளியில் போட்டு, முழங்கைவரை சோப்புப் போட்ட பிறகுதான் பெற்ற பிள்ளைகளைத் தொடுவான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வா? திருப்புலிவனம் தொடங்கி ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பான். கூலி கிடையாது, பெட்ரோலும் அவனுடையது. இதற்குத்தான் பதினேழு வருஷப் படிப்பு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மூட்டை தூக்கி, அரிசி மில் வைத்து, உத்திரமேரூரில் இரண்டு கடை கட்டினேன். எந்தச் சீட்டையும் நனைக்கவில்லை. போன தையில் அம்மன் கோயிலை ஒட்டிய என் இடத்தில் போர்வெல் போட்டு, ஊருக்கே குழாய் விட்டேன். கருங்கல்லில் என் பெயர், எழுத்தெல்லாம் தங்க நிறம்.

ஆடிக் கூழுக்கு முந்தின நாள் வந்தான். கையில் சீட்டு ரோஜா நிறத்தில் சிரித்தது.

"மாமா, நைட்ரேட் ஜாஸ்தியா கீது. லேப்லயும் பாத்துட்டேன். கைக்கொழந்த தாங்காது, ஒடம்பு நீலம் பூத்துடும்."

கூழ் கொதிக்கத்தானே போகிறது என்றேன். தண்ணீர்தான் சுண்டும், அந்த உப்பு சுண்டாது, காய்ச்சக் காய்ச்ச அதிகமாகும் என்றான். எங்கிருந்து வந்ததாம்? என் மாட்டுக்கொட்டகை எருக்குழியைக் காட்டினான். போர்வெல்லிலிருந்து பத்தே எட்டு. இடம் பார்த்தது நான்தான். நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் வைத்த தேங்காய் எழுந்து நின்றது. தண்ணீர் இருக்கிறது என்றது, இருந்தது. எருக்குழியைப் பற்றித் தேங்காய் ஒன்றும் சொல்லவில்லை.

"உன் படிப்புக்கு என் பேருதான் கெடச்சுதாடா?"

அவன் என் வீட்டு வாசலைப் பார்த்தான். "இளவரசி எந்தத் தண்ணில மாமா பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்குது?" என்றான்.

இளவரசி என் மருமகள். பேத்திக்கு மூன்று மாதம். அந்தக் குழாய் முதலில் வந்ததே என் வீட்டுக்குத்தான். உள்ளே போய்ப் புட்டியை நானே கவிழ்த்தேன்.

அன்று சாயங்காலமே கூழுக்கென்று ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து கேன் கேனாக ஸ்கூட்டரில் தண்ணீர் அடித்தான். போர்வெல்லுக்கு என்ன கேடு என்று கேட்ட பூசாரி இருசப்பனிடம், "மாமாதான் டெஸ்ட் பண்ணிப் பாருடான்னாரு" என்றான். நான் சொன்னேனாம்.

பிறகு கம்பெனிப் பெயின்ட்டோடு குழாயடிக்கு வந்தான். 'குளிக்க, துவைக்க மட்டும். குடிக்கக் கூடாது' என்று சுவரில் எழுத வேண்டும். டப்பாவைத் திறக்குமுன் ஒரு பழைய பேப்பரை விரித்து, என் பெயர்க்கல்மேல் சொட்டு விழாதபடி நான்கு பக்கமும் டேப் ஒட்டினான்.