தவமணி கேட்கும் ஃபேரி

புது ஃபேரிப் படகில் எண்ணெய் வாடையே இல்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திக் குளிர்காற்றை விட்டுவிடுகிறார்கள். இக்கரையில் பட்டர்வொர்த்தில் ஏறித் தீவில் ஜார்ஜ்டவுனில் இறங்கும்வரை, கடல் என்று ஒன்று இருப்பது மூக்குக்குத் தெரிவதில்லை. போன சனிக்கிழமை அதில் உட்கார்ந்துகொண்டு பழைய ஃபேரியின் டீசல் நெடியை நினைவுக்குக் கொண்டுவரப் படாதபாடு பட்டேன். காரணம் இருந்தது. அன்று காலை ஷாலினி போன் செய்திருந்தாள். ஷாலினி என் சிநேகிதி தவமணியின் மகள்.

“ஆன்ட்டி, அம்மா கொஞ்ச நாளா ‘ஃபேரி, ஃபேரி’ன்னு கேட்டு அழுவுறாங்க லா. நெசமாவே கூட்டிட்டுப் போயி ஏத்திக்கூடக் காட்டிட்டேன். அது இல்லையாம். என்ன வேணும்னே புரியல. நீங்க ஒருதடவ வந்து பாக்குறீங்களா?”

தவமணிக்குப் பக்கவாதம் வந்து, கைகால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறது. தனக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிகிறது. அதற்குரிய பெயர்தான் கிடைப்பதில்லை; கைக்கு அகப்பட்ட வேறொரு பெயரை எடுத்து ஒட்டிவிடுகிறாள். ஒருநாள் தண்ணீரைச் சாவி என்றாள். வாயருகே கையைக் கொண்டுபோனதால் அது தெரிந்துவிட்டது. இந்த ஃபேரிக்கு மட்டும் சைகையும் இல்லை.

இதிலே எனக்குத் தாங்காத விஷயம் எது தெரியுமா? சரியான பொருளுக்குச் சரியான பெயரை ஒட்டுவதுதான் எங்கள் இருவருக்கும் கிடைத்த முதல் வேலை. பீச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சந்தில், கீழே சைக்கிள் கடை, மேலே எங்கள் ஆபீஸ். கிளினிக்கிலிருந்து லேபுக்கும், லேபிலிருந்து கிளினிக்குக்கும் கணினி வழியாகத் தகவல் போய்வர நாங்கள் புரோகிராம் எழுதினோம். ஒவ்வொரு தகவலின் தலையிலும் ஒரு லேபல் இருக்கும். இது நோயாளி, இது மருந்து, இது ரத்தப் பரிசோதனை என்று. வெறும் நூற்றிருபது என்று போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கத்துக் கணினி அதை ரத்த அழுத்தமென்று எடுத்துக்கொள்ளுமா, உடல் எடையென்று எடுத்துக்கொள்ளுமா? அதனால் எந்த லேபலுக்குள் என்னென்ன இருக்கும், எந்த வரிசையில் இருக்கும் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்த வேலையும் அவ்வளவுதான். அம்மாவிடம் இதை விளக்கியபோது, “இதுக்கா சம்பளம் குடுக்குறான்?” என்று கேட்டார்.

தவமணிக்கு அது வேலையோடு நிற்கவில்லை. ஆபீஸ் ஐஸ்பெட்டியில் அவள் டப்பாவைத் திறந்தால் நெத்திலி சம்பல் வாசனை மாடி முழுக்க வரும். டப்பாமேல் காகிதம் ஒட்டியிருப்பாள்: ‘சம்பல். உரியவர்: தவமணி. நிலை: தொடாதே.’ நான் தொட்டேன், தொடாமல் இருக்க நான் என்ன துறவியா? மறுநாள் என் நாற்காலியின் முதுகில் ஒரு காகிதம்: ‘திருடி. ஊர்: பைராம் தோட்டம். நிலை: பிடிபட்டாள்.’ எங்கள் சீன முதலாளிக்குத் தமிழ் தெரியாது. டப்பாமேல் இருந்ததைச் சாமி பெயர் என்று நினைத்து, தன் பன்றிக்கறியைப் பயபக்தியோடு வேறு தட்டுக்கு மாற்றிவைத்தார். நாங்களும் திருத்தவில்லை.

அவளுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளார்க் குடும்பம். என்னுடையது தோட்டத் தொழிலாளர் குடும்பம். நாற்காலி அவள் வீட்டில் கதிரை. தகரக் குவளை பேணி. துருவிய தேங்காய் தேங்காய்ப்பூ. அவள் வீட்டுக்கு முதன்முதலில் சாப்பிடப் போனபோது, “தேங்காய்ப்பூ போடட்டா?” என்று அவள் அம்மா கேட்க, பூவையெல்லாம் சாப்பிடுவார்களா என்று திருதிருவென்று விழித்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே தவமணி பல காலம் சிரித்தாள்.

காலையில் இருவரும் பட்டர்வொர்த்திலிருந்து ஒரே ஃபேரியில்தான் வருவோம். கீழே கார்கள் உறுமும். மேல்தட்டில் உப்புக் காற்றில் தலையெல்லாம் கலைந்து பேய்மாதிரி ஆகிவிடும். அங்கேதான் எங்கள் பெரிய சண்டையும் நடந்தது. நம் பக்கத்துக்குத் தெரியாத ஒரு புது லேபல் வந்தால் புரோகிராம் என்ன செய்ய வேண்டும்?

“தப்புன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடணும்,” என்றேன் நான்.

“ஒனக்குத் தெரியலன்னா அது குப்பையாடி? பிரிக்காம, மாத்தாம அப்படியே வச்சிரு. அடுத்த ஆளுகிட்ட குடு. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும் லா.”

முதலாளி அவள் பக்கம் சாய்ந்தார். நான் ஒரு வாரம் ஃபேரியில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்துவந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் “பசியாறிட்டியா?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குள் நான் நுழைந்ததும் தவமணி “வாடி” என்றாள். அவ்வளவு தெளிவாக! ஷாலினி பயமுறுத்திவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த சொல் “ஃபேரி.” என் முகத்தையே பார்த்தாள்.

மின்விசிறியைக் காட்டினேன். துண்டு, ரேடியோ, இறந்துபோன கணவரின் படம், எல்லாம் காட்டினேன். சம்பல் செய்து தரட்டுமா என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. பிறகுதான் அவள் வீட்டுச் சொற்கள் ஞாபகம் வந்தன.

“கதிரையா? பேணியா? தேங்காய்ப்பூவா?”

தேங்காய்ப்பூ என்றதும் சிரித்துவிட்டாள். பழைய சிரிப்பு.

“அதெல்லாம் என்ன ஆன்ட்டி?” என்றாள் ஷாலினி. இந்தச் சொற்களை அவள் காதால் கேட்டதே இல்லையாம்.

கண்டுபிடித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அதற்குள் தவமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவும் இல்லை. கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நானும் அழுதேன்.

கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். மந்தமான பிள்ளைக்குச் சொல்லித்தருகிறமாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “ஃபே… ரி.”

“சரி” என்றேன். புரிந்ததா என்று என் கண்ணைப் பார்த்தாள். புரியவில்லை என்று தெரிந்துகொண்டு, பிடியை விட்டுவிட்டாள்.

எங்கள் ஆபீஸ் இருந்த மாடி இப்போது தங்கும் விடுதி. சைக்கிள் கடை இருந்த இடத்தில் காப்பி விற்கிறார்கள். நாங்கள் எழுதிய புரோகிராம் இப்போது எங்கும் ஓடுவதில்லை, அந்த லேபல்களும் யாருக்கும் வேண்டாம். பழைய ஃபேரியும் போய்விட்டது. இதெல்லாம் போனால் போகட்டும். அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ள அவள் கடைசியாக நம்பிய ஆள் நான். எனக்குத் தெரியவில்லை.

அதனால் அன்று ஃபேரிச் சண்டையில் அவள் சொன்னபடியே செய்கிறேன். பிரிக்கவில்லை, மாற்றவில்லை. அடுத்த ஆள் நீங்கள்தான். தவமணி ஃபேரி கேட்கிறாள். உங்களுக்காவது என்னவென்று தெரிகிறதா?