மீனுக்கும் படகுக்கும் ஒரே மதகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலணை வீதியால் பஸ்ஸில் போனவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகை இழுத்துக்கொண்டிருந்தார் ஒரு ரீச்சர். அது நான்தான். கை காட்டிவிட்டுப் போனவர்களுக்கு நன்றி... இறங்கி ஒரு கை பிடித்திருக்கலாம்!

விசயம் இதுதான்.

எங்கள் தீவுகளில் ஆறு இல்லை. இருப்பது ஆழமில்லாத சிறுகடல். அதில் ஒரு பகுதி வீதிக்கு இந்தப் பக்கம் குளம் போலக் கிடக்கிறது. வீதிக்குக் கீழே ஒரு மதகு. மதகில் மூன்று மரப்பலகைகள். பலகையை இறக்கினால் உள்ளே தண்ணீர் அசையாமல் நிறைந்து நிற்கும். ஏற்றினால் பெருக்கு நேரம் கடல் உள்ளே வரும், பிறகு போகும். வற்று நேரத்தில் பாதி இடம் சேறாகிவிடும். ஆனால் அந்த ஓட்டத்தோடுதான் மணலை மீன் குஞ்சும் இறாலும் உள்ளே வந்து வளரும்.

பலகைகளுக்குப் பொறுப்பு, மீனவர் சங்கத்து மரியதாஸ் அண்ணை.

இனி வசந்தி. என் கணவரின் தங்கை. கனடாவில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். வந்த கையோடு, துடுப்புப் போடும் சின்னப் பிளாஸ்டிக் படகுகள் ஐந்து வாங்கி, வருகிறவர்களைச் சிறுகடலில் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். கயாக் என்று பெயர். “இந்த வயதில் இது தேவையோ?” என்று ஊரே கேட்டது. அவள் கேட்கவில்லை.

அந்த ஞாயிறுக்கு நாலைந்து நாள் முன்பு வீட்டுக்கு வந்தாள்.

“மச்சாள், ரொறன்ரோவில இருந்து ஒரு குடும்பம் வருகினம். சனிக்கிழமை நயினாதீவு, ஞாயிறு காலமை ஏழு மணிக்கு என்ர கயாக். அந்த நேரம் வற்று வந்தா எல்லாம் சேத்தில இருந்திடும். மரியதாஸ் அண்ணை உங்கட சொல்லுக் கேட்பார். வியாழன் தொடங்கி ஞாயிறு வரைக்கும் பலகையை இறக்கி வைக்கச் சொல்லுங்கோவன்.”

போனேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“மூண்டு நாள் கனக்க, ரீச்சர். வெயிலைப் பாத்தனீங்களோ? தண்ணி ஓடாட்டி மீனுக்கு மூச்சு முட்டும்.”

“மூண்டே மூண்டு நாள்தானே, அண்ணை. மீனுக்கு ஒண்டும் நடக்காது.”

மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பொரிக்கத் தெரியும். குழம்பு வைக்கத் தெரியும். ஆனால் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள் என்பதும், அதனால் அவர் என்னிடம் மறுக்கமாட்டார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

“ரீச்சர் கேட்டா ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?” என்றார். வியாழன் பின்னேரம் பலகை இறங்கியது.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் வசந்தியின் போன்.

“மச்சாள், ஓடி வாங்கோ. மீனெல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேல வந்து நிக்குது!”

போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டுக் காற்று இல்லை. தண்ணீரின் மேல் முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள், திறந்து திறந்து மூடின. கரையோரம் விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. மரியதாஸ் அண்ணையோ கடலுக்குப் போய்விட்டார்.

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆக்கள் வந்திட்டுப் போகட்டுமன். கொஞ்ச நேரம் பொறுப்பமோ?”

வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதுகள் சாகச் சாக, அதுக்கு மேலால நான் துடுப்புப் போடுறதோ, மச்சாள்?”

அவ்வளவுதான். அலவாங்கை எடுத்துக்கொண்டு மதகுக்குள் இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். பலகைகள் ஊறி இறுகிப்போயிருந்தன. அவள் அலவாங்கால் நெம்ப, நான் இழுக்க... அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ரொறன்ரோக்காரரின் வான் வண்டி வந்து நின்றது. நான் கூச்சத்தில் குனிந்துகொண்டேன். வசந்தியோ, “இண்டைக்குக் கயாக் இல்லை, மன்னிக்கோணும். மீன் சாகுது” என்று அங்கிருந்தபடியே கத்தினாள்.

வானிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு இறங்கினார்கள். நாலு பேர் சேர்ந்து இழுக்க முதல் பலகை கிளம்பியது. பிறகு மற்றவை. வெளியே பெருக்கு நேரம். கடல் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. மிதந்துகொண்டிருந்த மீனெல்லாம் மெல்லத் திரும்பி, அந்த ஓட்டத்தை நோக்கி வரிசையாகப் போனதைப் பார்க்க வேண்டுமே! வான் பக்கம் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன்.

எல்லாம் பிழைக்கவில்லை. ஒரு பெரிய ஓலைக் கடகம் நிறையச் செத்த குஞ்சு அள்ளினோம்.

எட்டு மணிக்கு மரியதாஸ் அண்ணை வந்தார். கடகத்தைப் பார்த்தார்.

“என்னிலதான் பிழை, அண்ணை” என்றேன்.

“என்னிலயும் பிழை, ரீச்சர். ஏலாது எண்டு சொல்லியிருக்க வேணும்.” பிறகு தண்ணீரைப் பார்த்துவிட்டு வசந்தியிடம் திரும்பினார். “ஏன் தங்கச்சி, சும்மா நிக்கிறீர்? பத்து மணி வரைக்கும் பெருக்கு நிக்கும். கயாக்கை இறக்கும்!”

“பலகை இல்லாமலோ?”

“பெருக்குக்குப் பலகை என்னத்துக்கு? நீர் ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, எந்த நாள் எத்தினை மணிக்குத் தண்ணி நிக்கும் எண்டு நான் சொல்லியிருப்பனே.”

பலகையைக் கேட்டோம், நேரத்தைக் கேட்கவில்லை! மீனுக்கும் படகுக்கும் சண்டை என்று நினைத்திருந்தோம். சண்டை கடலுக்கும் வசந்தியின் ஏழு மணிக்கும்தான். நாம் தீர்க்க ஓடித் திரிகிற பிணக்குகளில் எத்தனை இப்படியோ?

ஓடுகிற தண்ணீரில், மீன் துள்ளத் துள்ள, ரொறன்ரோக் குடும்பம் ஒன்றரை மணித்தியாலம் துடுப்புப் போட்டது. இப்போது மரியதாஸ் அண்ணை கிழமைக்கொரு தடவை பெருக்கு நேரங்களை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார். அதைக் கேட்ட பிறகுதான் வசந்தி ஆட்களுக்கு நேரம் கொடுக்கிறாள்.

நேற்றுக் கொழும்பிலிருந்து ஒருவர் போனில் அழைத்து, பதினொரு மணி தங்களுக்கு வெயில், எட்டு மணிக்கு மாற்றித் தரப் பேசிப் பார்க்க ஏலாதோ என்று கெஞ்சினாராம்.

“ஆரோட பேசுறது, அண்ணை?” என்றாளாம் வசந்தி. “கடல் போன் எடுக்கிறேல்லை.”