ஜோஸ்னாவின் ஆங்கிலச் சாட்சி

ஜோஸ்னாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசம் பின்னால் மெதுவாக வந்து சேரும். நாங்கள் இரண்டு பேரும் குன்னத்துகாலில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் நர்ஸானாள். நான் ஆங்கிலம் படித்துவிட்டு, பாறசாலையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே அறை பிடித்து, வெளிநாடு போகிற நர்சுகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் இங்கிலாந்தில் பனியில் நின்று படம் அனுப்புகிறார்கள். ஜோஸ்னா மட்டும் இன்னும் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறாள்.

கல்யாணமானதிலிருந்து அங்கே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. நிறைய நாட்களில் ஒரு வார்டுக்கே இவள் ஒருத்திதான். புருஷன் சஜன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல பையன், வெளிநாடு போக வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆங்கிலப் பரீட்சையிலும் முக்கி முனகி ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு ஆயுசு உண்டு. வேலை கிடைப்பதற்குள் அது காலாவதியானால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த மாசக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு இன்டர்வியூ கைவசம் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லம்.

"இது போனா பின்ன நான் எழுத மாட்டேன் சினீ. எனக்கு மதியாச்சு, போரும்" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். அதனால்தான் எனக்குப் பயம்.

என் வகுப்பில் முதல் பாடமே தன் திறமையைத் தானே சொல்வது. 'ஐ கேன்' என்று தொடங்கி, 'குட் அட்', 'கேப்பபிள் ஆஃப்' என்று போய், 'மேனேஜ்டு டு', 'சக்ஸீடட் இன்' வரைக்கும். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று பழகிவிட்டால் போதும், மற்றப் பிள்ளைகள் நாக்கைச் சுழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஜோஸ்னா தாளில் எழுதினால் அத்தனையும் சரி. வாயைத் திறந்து சொல்லச் சொன்னால்தான் வினை.

"சின்ன வெயினா இருந்தா உனக்கு ட்ரிப் போட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன்.

"கர்த்தருடைய கிருபையால்" என்பாள், அதுவும் ஆங்கிலத்தில்.

"எமர்ஜென்சி வந்தா தனியா சமாளிப்பியா?"

"எங்கள் ஹெட் நர்ஸ் இருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்."

எனக்கு உச்சியில் ஏறும். "எட்டி, அவிய கேக்குது உன்னையாக்கும். கர்த்தரையும் ஹெட் நர்ஸையும் வேலைக்கு எடுக்கப் போறதில்ல."

"நம்மள நாமே எப்பிடிட்டி புகழுயது? நாக்கு கூசுதுலா."

அவள் சொல்வது எனக்குப் புரியாமலில்லை, நானும் அதே சபையில் வளர்ந்தவள்தானே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சாட்சி சொல்லலாம். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தன்னால் முடியாததையெல்லாம் சொல்ல வேண்டும். நான் பலவீனமானவள், எனக்குப் பேசத் தெரியாது, தோற்றுப் போனேன். அதெல்லாம் சொல்லித் தீர்த்த பிறகு 'ஆனாலும்' என்று ஒரு வார்த்தை. அதற்குப் பிறகுதான் நடந்த நல்ல காரியம். முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் அது சாட்சி இல்லை, பெருமையடிப்பது. ஜோஸ்னா சாட்சி சொன்னால் பின் பெஞ்சில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். தமிழில் அப்படியொரு வாய்.

இன்டர்வியூ மத்தியானம். அவள் வீட்டுப் பக்கம் ரப்பர் மரம்தான் உண்டு, நெட் கிடையாது. அதனால் என் வகுப்பறையிலேயே வைத்தோம். லேப்டாப்பை மேசையில் வைத்து, கேமராவில் படாதபடி நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பேச்சைப் பதிவு செய்ய என் போனையும் பக்கத்தில் வைத்தேன், தப்புகளைப் பிறகு திருத்தலாமே என்று. திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மாவும், பக்கத்தில் ஒரு இளைஞனும் தெரிந்தார்கள்.

எதில் நீங்கள் கெட்டிக்காரி என்று அந்த அம்மா கேட்டார்.

"வயதானவர்களைக் கவனிப்பதில்" என்று ஜோஸ்னா ஒப்பித்தாள். 'குட் அட்' பிசகாமல் வந்து விழுந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றார். ஜோஸ்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். கீழே பெயின்ட் கடையில் டப்பா குலுக்குகிற மெஷின் ஓடி நின்றது. நான் கையைக் காலைக் காட்டிப் பார்த்தேன், அவள் என் பக்கமே திரும்பவில்லை.

அந்த அம்மாவுக்கே இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. சரி, உங்களுக்கு எது கஷ்டம், எது வராது, அதைச் சொல்லுங்கள் என்றார்.

ஜோஸ்னா எழுந்து நின்றாள்.

நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டாள். கேமராவில் அவள் முகம் போய், துப்பட்டாவும் கோர்த்த கைகளும் மட்டும் தெரிந்தன. நான் சுவரோரமாகக் கையை நீட்டிச் சுடிதாரைப் பிடித்து இழுத்தேன். உட்காரவில்லை. பேசத் தொடங்கினாள்.

எனக்குப் பேசித் தர்க்கம் பண்ணத் தெரியாது என்றாள். டாக்டரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லும் திராணி எனக்கில்லை. யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல என்னால் முடியாது. கம்ப்யூட்டரில் நான் மந்தம். முதல் வருஷப் பரீட்சையில் தோற்றேன். நோயாளி இறந்தால் அழாமல் இருக்க இன்னும் பழகவில்லை. அத்தனையும் ஆங்கிலத்தில், தங்குதடை இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு. என்னிடம் படித்த யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இளைஞன் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் நிமிர்ந்தான். "நன்றி ஜோஸ்னா, நேரம் முடிந்தது" என்றான். திரை அணைந்தது.

அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். "இன்னும் முடியல்லியே சினி."

"என்னது முடியல்ல?"

"'ஆனாலும்' வரல்லியே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சரி, அதையாவது சொல்லித் தொலை என்றேன். இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஒரு பழைய போலீஸ்காரர். ஊட்ட வருகிறவர்கள் மேல் தட்டை வீசுவார். வீட்டுக்காரர்களே பக்கத்தில் போகப் பயந்தார்கள். ஜோஸ்னா அவருக்கு ஊட்டவில்லை. தன் கஞ்சியையும் எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து, இடது கையால் சிந்திச் சிந்திக் குடித்துக் காட்டினாள். தினமும் காட்டினாள். மனுஷன் ஒருநாள் சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போகும்போது தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். 'மேனேஜ்டு டு', 'சக்ஸீடட் இன்', எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"இத ஏன்ட்டி முதல்ல சொல்லல்ல? உதாரணம் கேட்டாவளே!"

"எடுத்த எடுப்பில அதச் சொன்னா பெருமையாக்கும்லா" என்றாள், நான் ஏதோ சபை நடுவில் செருப்போடு நின்றதுபோல என்னைப் பார்த்து.

அந்த வாரமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் இருக்கும் அகில் போன் பண்ணினான். "இங்கிலீஷ் அடிபொளியாம் சேச்சி. அவியளே எழுதியிருக்கினும். பட்சே ஆளுக்கு வேலையில நம்பிக்கை காணல்ல, தன்னால முடியாதுண்ணு ஜோஸ்னா சேச்சியே சொல்லியாச்சு, அதுகொண்டு வேண்டாமாம்."

ஜோஸ்னாவிடம் நான்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. "சாரமில்ல மக்கா, போட்டும். இங்கிலீஷ் நல்லதுண்ணு சொல்லிச்சினுமே, அது உனக்குக் கிடைச்ச பேராக்கும்" என்று என்னையே தேற்றிவிட்டு பஸ் ஏறினாள். எனக்கு அவளை இழுத்து இறக்கி நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

வகுப்பறைக்கு வந்து போனில் இருந்த பதிவைப் போட்டேன். தாளும் பேனாவுமாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். மறுபடி கேட்டேன். அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஒரே ஒரு தப்பு அகப்பட்டிருந்தால்கூட நான் திருத்திக் கொடுத்திருப்பேன்.