காதோரத்து நரை

என்னிடம் ஐந்து தாள்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் பிரெஞ்சில் அச்சடித்த படிவம். மறுபக்கம் பென்சிலில் என் அக்கா கணவரின் முகம். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேண்டாமென்று கழித்த காகிதங்கள் அவை. பாகூர்ச் சிற்பி ஒருவர் அவற்றைக் கட்டாக வாங்கி வைத்திருந்தார். கல்லில் உளி வைக்கும் முன் அவற்றில்தான் வரைந்து பார்ப்பார்.

பனித்திட்டுக் கரையிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போன மாமா திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. மூன்று வருஷம் பொறுத்த அவருடைய அண்ணன், கல் வைத்துக் கருமாதியை முடித்துவிடலாம் என்றார். அவருக்கு எதிலும் கொஞ்சம் ஜம்பம் உண்டு. வெறும் கல் போதாது, தம்பியின் உருவம் செதுக்கிய கல் வேண்டும். கல் நிற்கும் அன்று அக்கா தாலியைக் கழற்ற வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

மாமாவுக்குப் போட்டோ கிடையாது. அக்கா சொல்லச் சொல்லச் சிற்பி வரைந்தார். துணைக்கு நான் போனேன். காலமெல்லாம் சாமியை அளந்த கை, முதல் படத்தில் மாமாவையும் சாமியாக்கிவிட்டது. "எங்க வூட்டுக்காரு இவ்ளோ லட்சணம் கெடையாதுங்க" என்றாள் அக்கா. சிற்பியே சிரித்துவிட்டார். இரண்டாவதில் மூக்கு சரியில்லை என்றாள். மூன்றாவது அச்சு அசல் மாமா. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வேற யாரோ" என்றாள். நான் அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தேன். நான்காவதுக்கும் அதே பதில்தான்.

ஐந்தாவதைக் கையில் வாங்கியவள், "காதோரம் கொஞ்சம் நரைச்சிருக்கும் இப்போ" என்றாள்.

சிற்பி அவளை நிமிர்ந்து பார்த்தார். உயிரோடிருப்பவருக்குச் சமாதிக் கல் செதுக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. தாளை வாங்கினார். காதோரத்துக் கறுப்பை ரப்பரால் லேசாகத் தேய்த்து வெளுக்க வைத்தார். ஐந்து தாள்களையும் அவளிடமே கொடுத்துவிட்டார். மறுநாள் மாமாவின் அண்ணன் போய்க் கேட்டபோது, "கல்லுல விரிசல் ஓடுதுபா. உளி வெச்சா ரெண்டாப் பூடும். வேற கல்லு வரட்டும்" என்றாராம். அந்தக் கல்லை எங்கள் எதிரில்தான் தட்டிக் காட்டியிருந்தார். கணீரென்று மணி மாதிரி ஒலித்தது. அவர் பொய் சொன்னது இரக்கத்தாலா, தொழில் பயத்தாலா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். வேறு கல் வரவேயில்லை. மாமாவின் அண்ணனும் நாலைந்து முறை கேட்டு ஓய்ந்துபோனார்.

அக்கா எழுபதைத் தாண்டி, தாலியோடுதான் போனாள். அவள் பெட்டியில் இந்தத் தாள்கள் இருந்தன. நான்கு அப்படியே இருக்கின்றன. ஐந்தாவதில் மாமாவின் தலை முழுக்க வெளுத்திருக்கிறது. பின்பக்கத்துப் பிரெஞ்சு எழுத்து தெரிகிற அளவுக்குத் தாள் மெலிந்திருக்கிறது. சிற்பி தேய்த்தது காதோரம் மட்டும்தான்.