இடது பின் சக்கரத்தில் ஒரு தட்டு

எனக்கு எழுத்து சரியாக வராது, நாலாவது வரைதான் படித்தேன், நடந்ததில் முன்பின் மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மகன் முரளி வாடகைக் கார் ஓட்டுகிறான். மருமகளுக்கு நிறைமாதம், மறுநாள் காலை கோலார் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அன்று மத்தியானம் ஆண்டர்சன்பேட்டையில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் அவனும் நந்திதுர்க் வீட்டுக்குத் திரும்புகிறோம், ஓர் இறக்கத்தில் என் காலுக்குக் கீழே, இடது பின் சக்கரத்துப் பக்கம், ஒரே ஒரு தட்டு. இரும்பை இரும்பால் தட்டின மாதிரி. உடனே முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிரேக் சென்சார் விளக்காம். தட்டின சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்கவில்லையாம்.

ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் கையகல மெஷினை மாட்டிப் பார்த்து, இடது பின் சக்கரத்து சென்சார் என்றான். நான் சொன்ன அதே சக்கரம். அதைக் கழற்றாமல், அடியில் கைவிட்டே புதுசு மாற்றினான். வீட்டுக்குப் பாதி வழிகூட வரவில்லை, அதே தட்டு, அதே விளக்கு. திரும்பப் போனோம். இந்தத் தடவை குனிந்துகூடப் பார்க்கவில்லை, மெஷினில் பட்டனை அமுக்கி விளக்கை அழித்துவிட்டு, பிரேக் பிடிக்கிறதே, விளக்கு எரிந்தால் எரியட்டும், ஓட்டுங்கள் என்கிறான். முரளியும் தலையாட்டுகிறான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது இங்கே தங்கச் சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிக்கிறவர். ஆட்களை ஏற்றி இறக்குகிற அந்தக் கூண்டு ஓடும்போது மணியில் ஒரு தட்டு கேட்டால் நிறுத்தியே ஆகவேண்டும், தட்டினது மேஸ்திரியா கூலியா என்று பார்க்கமாட்டார்கள்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

"ஆயா, மெஷினே ஒண்ணும் இல்லன்னுது. உன் காது இன்னா மெஷின விட பெருசா?"

முரளி சிரித்தான். "நீ கம்முனு இரும்மா."

பெற்ற பிள்ளை சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. வண்டிக்குள் கைவிட்டுச் சாவியைப் பிடுங்கி, கதவெல்லாம் பூட்டி, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"உங்கப்பா ஒரு தட்டு கேட்டா கேஜ நிறுத்திட்டுதான் ஏன்னு கேப்பாரு. நீ அவரு புள்ளையாடா? புள்ளத்தாச்சிய இதுலயா ஏத்துவ? கழட்டாம சாவி வராது."

கடைத்தெருவே பார்த்தது, நம்பினால் நம்புங்கள், அது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் அசைத்தான். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. உள்ளே பேரிங் போயிருந்தது. சக்கரம் ஆடுகிறது என்றுதான் பழைய சென்சாரும் புது சென்சாரும் கத்தியிருக்கின்றன. கோலார் ரோட்டில் வேகமாகப் போயிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும் என்று அவன் வாயாலேயே சொன்னான். மன்னிப்பு மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

புது பேரிங் போடுகிற வரை நானும் முரளியும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் சக்கரத்தை மாட்டி முடுக்கிவிட்டு, நிமிராமலே கத்தினான்.

"ஆயா, அதான் முடிச்சிட்டேனே. உள்ள உக்காந்துகினு இன்னாத்துக்கு தட்டுற?"

நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எழுந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. பூட்டின வண்டி, சாவி என் முந்தானையில். எத்தனை தட்டு என்று கேட்டேன். மூன்று என்றான்.

மறுநாள் அதே வண்டியில்தான் போனோம், பெண் குழந்தை, இருவரும் நலம். விளக்கு அப்புறம் எரியவில்லை.

ஆனால் கேஜில் மூன்று தட்டு என்றால், உள்ளே ஆட்கள் ஏறியிருக்கிறார்கள், பார்த்து ஓட்டு என்று அர்த்தமென்று என் வீட்டுக்காரர் சொன்ன ஞாபகம். வண்டி காலியாக அல்லவா நின்றது. முரளியிடம் இதைச் சொல்லவில்லை. நான் தப்பாக நினைவு வைத்திருக்கலாம். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மூன்று தட்டு ஆளுக்கா, வெறும் கல் ஏற்றுவதற்கா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.